பார்க்காத வீட்டுக்குப் பதினேழு மார்க்கு

போன வாரம் காரைக்கால் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கலங்கரை விளக்கத்துக்கு வழி கேட்டார்கள். கேட்டது ஆங்கிலத்தில். தங்களுக்குள் பேசிக்கொண்டது பிரெஞ்சு என்று காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இலக்கணம் ஒரு சொட்டு சிந்தாமல் பிரெஞ்சிலேயே வழி சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "நீங்க அப்படியே புத்தகம் மாதிரி பேசுறீங்க" என்றாள். பாராட்டுத்தான். எனக்கு வந்ததென்னவோ எரிச்சல்.

அவள் சொன்னது உண்மை, அதனால்தான். அந்தப் புத்தகத்தின் வாசனைகூட நினைவிருக்கிறது. சைகோன் மழையில் ஊறிய பூஞ்சை வாசனை, அதற்குமேல் பக்கத்து வீட்டு மீன்சாறு வாசனை. காரைக்கால் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் வேலையை எனக்காக ஒரு வருஷம் நிறுத்தி வைக்கும்படி அப்பா தலைமையாசிரியரிடம் பேசியிருந்தார். பிரெஞ்சு படித்த சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. பிரான்சுக்கு அனுப்ப வசதியில்லை. காரைக்கால் மாதிரியே வியட்நாமும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில்; அங்கே சைகோன் சுங்க அலுவலகத்தில் சித்தப்பா குமாஸ்தாவாக இருந்தார். "அதுவும் கடல் தாண்டின படிப்புதான்டா. ஒரு வருஷம் பல்லக் கடிச்சிகிட்டு இரு" என்றார். கடித்தேன்.

சைகோன் வகுப்பில் மொழியோடு பண்பாடும் கற்பித்தார்கள். வாய்மொழித் தேர்வில் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று மதாம், அதாவது எங்கள் ஆசிரியை, புத்தகத்திலிருந்த வீட்டை உருப்போட வைத்தாள். குளிர்காய மூட்டும் கணப்படுப்பு, சன்னலில் பனி, நெருப்பருகே உறங்கும் நாய். எங்கள் வியர்வையோ நோட்டில் சொட்டி மையைக் கலைக்கும். தெருவில் ராணுவ லாரிகள் போனால் மதாம் சன்னலைச் சாத்தச் சொல்வாள், பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வருஷம் முழுக்க அந்தப் பாழாய்ப்போன அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கை துவானுடையது. தெற்கே ஆற்றங்கரைக் கிராமத்து விவசாயி மகன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வியட்நாமியம் வராது. எங்களுக்குள் இருந்த ஒரே பாஷை பிரெஞ்சு. மதாமின் மூக்கைப் பற்றி, தெருமுனைச் சூப்பைப் பற்றி, ஊரைப் பற்றி, கையும் காலும் ஒடிந்த பிரெஞ்சில் பேசித் தீர்த்தோம். அந்தப் பிரெஞ்சுக்கு யாரும் மார்க்கு போடவில்லை.

தேர்வன்று காலை சந்தைப் பக்கத்தில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். துவான் அங்கே, அந்த ஊர்க்காரர்கள் வேண்டுகிற மாதிரி கல்சுவரில் நெற்றியைப் பதித்து நின்றான்.

"எந்த பாஷையில வேண்டிக்கிட்ட?"

"என் பாஷையிலதான். அம்மனுக்கு பிரெஞ்சு தெரியுமோ என்னவோ."

தேர்வறையில் அவனுக்கு அடுத்தது நான். பின்பெஞ்சில் காத்திருந்தேன். உங்கள் வீட்டை விவரியுங்கள் என்றார் பிரெஞ்சுக்காரத் தேர்வாளர். துவான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வீடு இல்லீங்க. போன மாசம் உங்க படை வந்துச்சு. ஓலைக் கூரை, சீக்கிரம் எரிஞ்சிடுச்சு." பிறகு, அம்மா நெற்பானை வைத்திருந்த மூலை, தம்பி பிறந்த அறை என்று எரிந்த வீட்டை நிதானமாகச் சொன்னான். ஒரு பிழை இல்லை. பாடத்தை விட்டு விலகிவிட்டீர்கள் என்று தேர்வாளர் பேனாவை மூடினார்.

என்னிடமும் அதே கேள்விதான். வாத்தியார் வேலை கண்முன் நின்றது. நான் கணப்படுப்பை மூட்டினேன். சன்னலில் பனி விழுந்தது. நாய் உறங்கியது.

வெளியே புளியமரத்தடியில் துவான் காத்திருந்தான்.

"நீ என்ன சொன்ன?"

"காரைக்கால்ல எங்க வீட்டச் சொன்னேன்."

"நல்லது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் தேர்வு முடிவுப் பலகையில் எனக்கு இருபதுக்குப் பதினேழு. அவன் பெயர் இல்லை. அதைப் பார்க்க அவன் வரவுமில்லை. பிறகு நான் அவனைப் பார்க்கவேயில்லை.

சான்றிதழ் பிரான்சு போய் முத்திரை வாங்கி வர ஐந்து மாதம். அதைத் தூக்கிக்கொண்டு நான் கப்பலிறங்குவதற்குள் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிவிட்டது. "இப்ப இங்கிலீஷ் வாத்தியாருக்குத்தான் எடம் இருக்கு, தம்பி" என்றார் தலைமையாசிரியர். அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனேன்.

சைகோனுக்கு இப்போது பெயரே வேறு. சான்றிதழைக் கரையான் தின்றது. மதாமின் அடுப்பு மட்டும் வரி பிசகாமல் வாயில் வருகிறது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று யாராவது பிரெஞ்சில் கேட்டால் விழிப்பேன். அந்தப் பிரெஞ்சைப் பேச எனக்கு இருந்தவன் ஒருவன்தான். அவனிடம் கடைசியாகச் சொன்னது பொய்.