குரல் தாழ்த்தத் தெரியாதவள்

என் மனைவிக்கு மெதுவாகப் பேச வராது. கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் என் காதருகே வந்து, "வேட்டிய இறுக்கிக் கட்டுங்க" என்றாள். மேளக்காரர் உட்பட மண்டபமே என் வேட்டியைப் பார்த்தது. ரகசியம் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம். நான் அவளுக்கு நேர் எதிர். தேயிலைக் கொழுந்தை ஆலைக்கு ஏற்றிப்போகும் தோட்டத்து லோரியை ஓட்டுகிறேன். நாளெல்லாம் எஞ்சின் பேசும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் இரண்டு பேரையும் கலந்து பிரித்தால் இரண்டு சாதாரண மனிதர்கள் கிடைப்பார்கள் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்வார்கள்.

தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் எல்லாரும் திடலில் கூடி நிற்பதைப் பெரட்டு என்போம். பேர் கூப்பிடுவதும் வேலை பிரிப்பதும் அங்கேதான். மனக்குறை இருந்தாலும் அங்கேதான் சொல்ல வேண்டும், மேனேஜர் முகத்துக்கு நேராக, நாலு பேர் கேட்க. தனியாக ஆபீசுக்குப் போய்ச் சொல்கிறவனைக் கோள்சொல்லி என்பார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அவன் வீட்டு விசேஷத்துக்குக்கூட யாரும் வரமாட்டார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் வீட்டு டீயில் மருந்து வாடை அடித்தது. நான் டீத்தூளைக் குறை சொன்னேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பிடித்தபடியே ஓடைக்கு ஏறிப் போனாள். குழாய் தொடங்கும் இடத்துக்கு மேலே, பூச்சிமருந்து அடித்த பம்புகளை ஓடையிலேயே அலசிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்குப் பின்னால் அதற்கென்று கழுவுமிடம் உண்டு. அது உடைந்து கிடந்தது. சரிசெய்யும்வரை ஓடையில் கழுவச் சொன்னது மேனேஜர்தான்.

மறுநாள் பெரட்டில் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். "மேனேஜர், நம்ம புள்ளைங்க குடிக்கிற தண்ணியில மருந்து பம்பு கழுவுறாங்க. நீங்கதான் சொன்னீங்களாம்லா. இது ஞாயமா?" என்று கேட்டாள். அடுத்த மலைச்சரிவில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. மேனேஜர் தலையை ஆட்டி, "பார்க்கிறேன்" என்றார்.

பார்த்தார். அவள் கொழுந்து வெட்டும் குழுவில் வருஷ ஒப்பந்தத்தில் இருந்தாள். மாதக் கடைசியில் அது முடிந்தது. "தங்கச்சி, இனிமே வேல இல்லையாம்" என்று குழுவை மேற்பார்க்கும் மண்டோர் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். வேலையை விட்டு நீக்கவில்லை, ஒப்பந்தம் தானாக முடிந்தது என்பதே கணக்கு. பம்பு கழுவுவது மட்டும் நிற்கவில்லை. மேல் ரோட்டில் லோரியை நிறுத்தினால் ஓடை தெரியும். நானே கண்ணால் பார்த்தேன்.

தப்பைச் சொல்கிறவர்களைக் காப்பாற்ற நாட்டில் சட்டம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, தானா ராத்தா டவுனில் ஓர் அரசு அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்காரவைத்து, முழுக்கக் கேட்டாள். பிறகு, "முதலில் யாரிடம் சொன்னீர்கள்?" என்றாள்.

"எல்லார்கிட்டயும்தான்" என்றாள் என் மனைவி.

அங்கேதான் கோளாறு. முதலில் சட்டம் சொல்லும் அலுவலகத்துக்கு வந்து சொன்னவருக்குத்தான் காவலாம். முதலாளியிடமே சொன்னவருக்கும் ஊரறியச் சொன்னவருக்கும் கிடையாதாம். ஓடையைப் பற்றி விசாரிக்கலாம், ஆனால் இப்போதும் உள்ளே வேலைசெய்கிற ஒருவர் தான் கண்டதை வந்து சொன்னால் நல்லது, அவர் வெளியே வாய் திறக்காதவரை பெயர் வெளிவராது என்றாள் அந்தப் பெண். போன வேலைக்கு வழி இல்லை என்பதைத் தயங்கித்தான் சொன்னாள்.

"மொகத்துக்கு நேரா பேசுனது தப்பு. திருட்டுத்தனமா வந்து சொல்லியிருந்தா சரி. அப்படித்தானே?" மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவள் கோபமாக ரொட்டி சானாய் கேட்பது உள்ளே வரை கேட்டது.

நானும் எழுந்து போனேன். கடை வாசலில், "கொடைய விட்டுட்டேன்" என்று சொல்லி அலுவலகத்துக்குத் திரும்பினேன். விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன், வேண்டுமென்றே. எங்கள் ஊரில் கோள் என்று சொல்கிற அந்தக் காரியத்தைக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தேன். உடம்பெல்லாம் கூசியது. நாங்கள் குடியிருக்கும் வீடு என் வேலையோடு ஒட்டியது. என் பெயர் வெளியே வந்தால் அதுவும் போகும்.

சில வாரங்களில் அதிகாரிகள் வந்தார்கள். போத்தலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். கழுவுமிடம் மளமளவென்று சரியானது. லயமே கொண்டாடியது. என் மனைவியை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் லெம்பா பெர்த்தாமில் காய்கறி கட்டும் வேலைக்குப் போய்வந்தாள்.

"யாரோ ஒரு நல்ல மனுசன் சொல்லியிருக்காரு. ஒங்கள மாதிரி வாயில கொழுக்கட்டய வச்சிக்கிட்டா இருந்தாரு?" என்று தினமும் சோறு போடும்போது கேட்பாள். நான் சாப்பிடுவேன். பெண்டாட்டி நம்மை நம் முன்னாலேயே புகழ்ந்து, அதே மூச்சில் திட்டுவதைக் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் ஒரு நாள் திட்டிவிட்டு அவள் கண்ணைத் துடைத்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அது நாந்தான்" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பின்கதவையும் சாத்தினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கிட்டகூட சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, அவள் சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் வெளிக்குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்குத் தெரியாம இருக்குமா? யாருடி போய்ச் சொன்னது?"

"தெரியலக்கா" என்றாள் என் மனைவி, வாய்க்குள்ளேயே. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, தண்ணீரும் சுத்தம். ஆனாலும் அன்று லோரியில் ஏறி உட்கார்ந்தபின் எஞ்சினைப் போட மனம் வரவில்லை. உள்ளேயிருந்து அவள் சத்தமாக எதையாவது சொல்லித் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.