கொசுறுச் செட்டை

ஒரு மீனைக் கொண்டுவந்து கண்ணில் காட்டினால் யோகன் ஊருக்குப் போகமாட்டான் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கடை. குளிர்ப்பெட்டிக்குள் பாலிதீன் உறையில் ட்ரவுட் மீன் கிடந்தது. கடலோரக்காரன் ஆற்றுமீனைக் காசு கொடுத்து வாங்குவதா என்று நகர்ந்தவன், திரும்பிவந்து உறைமேல் விரல் வைத்துத் தடவினேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் அந்தச் சின்னச் செட்டைத் துணுக்கு இருந்தது.

"அண்ணே, மீனுன்னா வாங்கணும். நாடி பாக்கக் கூடாது" என்றாள் கடைப்பெண்.

யோகன் முன்பு மண்டபம் அகதி முகாமிலிருந்து தங்கச்சிமடத்து ஐஸ் கம்பெனிக்கு என்னோடு வேலைக்கு வந்தவன். நயினார்கோவில் பக்கமிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். ஐஸ் பாளத்தை உடைக்கிற சத்தம் கேட்டாலே அவனுக்குத் தோட்டத்து ஓடை நினைவு வந்துவிடும்.

"மச்சான், ஒடம்பெல்லாம் மொளகு தூவுன மாதிரி புள்ளி. விலாவுல ரோஸ் கலர்ல ஒரு கோடு. வாலுகிட்ட முள்ளே இல்லாம மெத்துன்னு இன்னொரு செட்டை."

"அது எதுக்குலே?"

"தெரியல. கொசுறு."

"ஐஸ் மாதிரித் தண்ணியில மீனு உயிரோட இருக்குமாம். நான் பாத்த ஐஸ் மீனெல்லாம் செத்த மீனுலே" என்று கிண்டலடித்தேன்.

ஒருநாள், ஊர் திரும்பப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றான். ஓடைதானே இவனைக் கூப்பிடுகிறது, அதில் கொஞ்சத்தை இங்கே கொண்டுவந்துவிட்டால்? ஊட்டிக்குப் போய், தெரிந்தவர் மூலமாக ஒரு ட்ரவுட்டை உயிரோடு கேனில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மலை இறங்க இறங்கத் தண்ணீர் சூடேறியது. மேட்டுப்பாளையத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிப் போட்டேன். குளிர் மட்டும் போதாதாம், ஓடுகிற தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் அதற்கு வேண்டுமாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியதும், ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் விட்டு ஊத ஆரம்பித்தேன். ராமேஸ்வரம் வரைக்கும் ஊதுவதாகத் திட்டம்.

"ஏண்ணே, அதுக்கு பீடி வாசம் ஒத்துக்குமா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஊதினேன். பல்லடம் தாண்டுவதற்குள் மீன் மல்லாந்துவிட்டது.

கடைசியில் ஐஸில் வைத்துத்தான் கொடுத்தேன். யோகன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கொசுறைத் தடவினான்.

"இதான் மச்சான்."

"அப்ப இங்கனயே இருந்துருவியா?"

"செத்த மீனக் காட்டி ஆளப் புடிக்கிறியே" என்று சிரித்தான். கண்ணில் ஐஸ் தண்ணீர் தெறித்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

போய்விட்டான். அவ்வப்போது போன் வரும். ஓடையில் புள்ளி மீன் கண்ணிலேயே படவில்லை, தண்ணீர் முன்போல் குளிரவில்லை என்பான். கடைசியாகப் பேசியபோது, "இங்க விடாம மழை மச்சான்" என்றான்.

"அப்பத் தண்ணி குளுந்துரும்லே. மீனு வரும் பாரு" என்றேன்.

அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவில்லை. சார்ஜ் இருக்காது என்று நம்பினேன். சிம்மை மாற்றியிருப்பான் என்று நம்பினேன். நம்புவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்.

நாங்கள் ஐஸ் உடைத்த கம்பெனியும் இப்போது இல்லை. அந்த மழையில் அவன் குடியிருந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின்மேல் மலை சரிந்தது. யோகன் வீட்டுக்குள் இருந்தான்.