ஜீப்பில் கதவோரத்து இடம்

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் பேய்க்கதையும் விஞ்ஞானக் கதையும் அடிப்பேன். ஒரு இணைய இதழில் போடுவார்கள். "இதெல்லாம் பழைய சரக்கு" என்று கீழே யாராவது எழுதிவிட்டுப் போவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தினமும் ரசம் வைக்கிறவளிடம் போய் இது புதுசா என்று கேட்பார்களா? எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் கூடுதலாக இருப்பது, செத்தவர் குரலில் போன் வருவது, இயந்திரம் எஜமானனை மிஞ்சுவது என்று உலகத்தில் இருப்பதே நாலைந்து பயங்கள்தான். அவற்றை நம்மூர்த் தெருவில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். திராட்சைக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஒருநாள் ஆளைத் தேடி வருவதாக எழுதினேன். லோயர் கேம்ப்பில் பஸ் ஏறி அரை மணி நேரத்தில் குமுளியில் இறங்குவதற்குள் கிழவனாகிவிடும் ஒருவனை எழுதினேன். அதெல்லாம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

என் அக்கா கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். விடிவதற்கு முன் ஜீப் வந்துவிடும். பதினாலு பெண்கள் அதில் நெருக்கி உட்கார்ந்து மலையேறுவார்கள். அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி உட்காரும் இடம் அவள் வீட்டுக்குச் சொந்தம். அவளால் முடியாமல் போனால் அந்த வீட்டு மகளோ மருமகளோ வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அதுவரை பக்கத்தில் இருப்பவள் தன் தூக்குச்சட்டியை வைத்து இடத்தைக் காப்பாற்றுவாள். பத்திரத்தில் எழுதாத பாத்தியதை. இடம் போனால் வேலையும் போய்விடும்.

போன ஐப்பசியில், அக்காவுக்குப் பக்கத்தில் கதவோரம் உட்காரும் பெண் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனார். புருஷன் இல்லாதவர். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகளும், பள்ளியில் படிக்கும் மகனும் மிஞ்சினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகள் வேலைக்கு வருவாள் என்று பேச்சு. அதுவரை அக்காவின் தூக்குச்சட்டி அந்த இடத்தில் இருந்தது.

ஒருநாள் சோறு தின்றுகொண்டே அக்கா சொன்னாள். "வளைவுல ஜீப்பு திரும்பயில அந்தச் சட்டி ஆடுதுடா. அவுகளே உக்காந்து ஆடுற மாதிரி இருக்கு."

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் கதையை முடித்துவிட்டேன். செக்போஸ்ட்டில் எண்ணும்போது ஜீப்பில் ஒரு தலை கூடுதலாக இருக்கும். காலி இடத்தில் யார் உட்கார்ந்தாலும் சில்லிட்ட கை ஒன்று மணிக்கட்டைப் பிடிக்கும். இறந்தவர் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் அவர் போடும் நீலக் கம்பளித் தொப்பியை எழுதினேன். எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடும் நார்த்தங்காய் ஊறுகாயை எழுதினேன். எல்லாம் அக்கா வாயிலிருந்து வந்தவை. முதல் தடவையாக யாரும் பழைய சரக்கு என்று சொல்லவில்லை. கால் தரையில் பாவவில்லை எனக்கு.

யாரோ ஒருவர் அந்தக் கதையை இடிச் சத்தமெல்லாம் சேர்த்துப் படித்து வாட்ஸ்அப்பில் விட்டார். என் பெயர் அதில் இல்லை, கதை என்ற சொல்லும் இல்லை. ஒரு வாரத்தில் அது ஜீப்புக்கே வந்துவிட்டது.

அக்கா அன்று சாயங்காலம் கடைக்குள் வந்து நின்றாள்.

"ஏலே, என்னத்த எழுதித் தொலைச்ச? அந்தப் பிள்ளை இன்னைக்கு ஏற வந்துச்சு. எல்லாரும் வேணாம்னுட்டாக. அது உக்காந்தா அதோட ஆத்தாளும் கூட உக்காருமாம். அழுதுக்கிட்டே போச்சு."

விடிகாலையில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். அது நான் எழுதிய கதை, அத்தனையும் பொய், அந்தப் பெண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வயதில் மூத்த பெண் ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"பொய்யின்னா நீலத் தொப்பி எப்படி வந்துச்சு தம்பி? ஊறுகா எப்படி வந்துச்சு? நீ எங்க கூட ஜீப்புல வந்தியா?"

உண்மையைக் கொஞ்சம் கலந்தால்தான் பயம் பிடித்து நிற்கும் என்று இதழ்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டவன் நான். அக்கா சொல்லித்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கும். நான் அவள் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொன்னால், செத்தவரைப் பற்றி வெளியே பேசியவள் என்று அக்காவின் இடமும் போய்விடும். அவள் ஜீப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லவில்லை. டிரைவர் என்னைப் பார்த்து, "பதிமூணு பேரும் இறங்கிட்டாகன்னா நான் என்ன செய்ய?" என்றார். அந்த இடத்தில் ஸ்டெப்னி டயரைப் போட்டு வைத்திருந்தார்கள். ஜீப் கிளம்பியது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

பிறகு பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழை நீட்டி நாலு காப்பி கேட்டாள். திருப்பூர்ப் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் சேரப்போகிறாளாம். தம்பியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும். அவன் சித்தி வீட்டில் இருக்கமாட்டேன் என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றாள். கண்ணாடியில் தாளை நேராக வைக்க முடியவில்லை.

"அந்தக் கதை நீங்கதான எழுதுனது, அண்ணே?"

ஆமாம் என்றேன். மன்னிச்சுக்கோம்மா என்றும் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றினால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நானும் போன்ல கேட்டேண்ணே. எனக்குப் பயமா இல்ல. எங்கம்மா திரும்பி வந்துச்சுன்னா வீட்டுக்குல்ல வரும்? தம்பி பக்கத்துல வந்து படுத்துக்கிரும். செத்த பெறகும் எதுக்குண்ணே அதைய வேலைக்கு அனுப்புனீக?"