இரண்டு வரியும் அவனே

என் தம்பிக்குத் தாகமெடுத்தால், "தண்ணி வேணுமா?" என்று எங்களைக் கேட்பான். நாங்கள் அவனைக் கேட்கிற கேள்வியையே அவன் எங்களிடம் திருப்பிக் கேட்பான். அவனுக்கு ஆட்டிசம், அவன் தண்ணீர் கேட்கும் விதம் அதுதான். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல், "வேணாம் தம்பி, இப்பதான் குடிச்சேன்" என்பார்கள். அவன் தாகத்தோடு அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஓசூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகள் புதுநன்மை வாங்கிவிடுவார்கள். முதன்முறையாக வரிசையில் போய், சாமியார் கையிலிருந்து நற்கருணை அப்பத்தை வாங்கி உண்பது. புதுச் சட்டை, மெழுகுவர்த்தி, போட்டோ, மத்தியானம் பிரியாணி. தம்பிக்குப் பன்னிரண்டாகியும் நடக்கவில்லை. பங்குச் சாமியார் தங்கமான மனுஷர். அவனை வரிசையில் நிறுத்த வேண்டாம், அவன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன், அதுவே போதும் என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன, அவனுக்குக் கால் இல்லையா? எல்லாரையும் போல வரிசையில் போய் அவனே வாங்குவான், நான் பழக்குகிறேன் என்று சாமியாரிடமே சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது. வாய் மட்டும் நாற்பது.

மறைக்கல்வி சிஸ்டர், பூசையில் வைக்காத வெறும் அப்பங்களை ஒரு டப்பாவில் போட்டுத் தந்தார். நாக்கில் ஒட்டுகிற எதையும் தம்பி துப்பிவிடுவான். அதனால் வாயில் போட்டவுடன் அப்பளம் போல நறுக்கென்று கடிக்கப் பழக்கினேன். ஹாலில் நான்தான் சாமியார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு "கிறிஸ்துவின் திருவுடல்" என்பேன். அவன் "ஆமென்" சொல்லிக் கையில் வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, கம்பெனி யூனிபாரத்தோடு வரிசை போல அவனுக்குப் பின்னால் நிற்பார். அவருக்குப் பின்னால் அம்மா. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "எதுக்குக் கண்ணு அந்தப் புள்ளையப் போட்டு வாட்டுறீங்க?" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

அந்த ஞாயிறு அவன் வரிசையில் ஒழுங்காக நின்றான். உறுத்தக்கூடாதென்று பலமுறை துவைத்து மெதுவாக்கிய வெள்ளைச் சட்டை. பீடத்தின் பக்கத்தில் பாடகர் குழுவில் நின்ற எனக்குப் பாட்டே வரவில்லை. சிறப்புப் பூசைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் "கிறிஸ்துவின் திருவுடல்" என்பதைக் கன்னடத்தில் சொல்லி அப்பத்தைக் கொடுத்தார். பிள்ளைகள் தங்கள்பாட்டுக்கு "ஆமென்" சொல்லி நகர்ந்தார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் கவனிக்க மாட்டோம். காய்கறிக்காரரிடம் தெலுங்கு, ஆட்டோவில் கன்னடம், வீட்டில் தமிழ். அதனால்தான் வேறு மொழியில் கேட்டால் என்ன செய்வான் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தம்பியின் முறை வந்தது. சாமியார் கன்னடத்தில் சொன்னார். அவன் கையை நீட்டியபடி வாய் திறக்காமல் நின்றான். அவர் இன்னொரு முறை சொன்னார். வரிசை நின்றுவிட்டது. அம்மா எழப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைப்பது தெரிந்தது. சாமியார் அப்பத்தைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, ஆசீர்வதிக்க அவன் தலையை நோக்கிக் கையை உயர்த்தினார். போச்சு என்று நினைத்தேன்.

தம்பி தொண்டையைக் கனைத்தான். அச்சு அசல் என் கனைப்பு. பிறகு என் குரலில், என் இழுப்போடு, சாமியாரைப் பார்த்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றான். "ஆமென்" என்றும் அவனே சொன்னான்.

சாமியாரின் கை பாதியில் நின்றது. பிறகு அது கீழே இறங்கி, அப்பத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தது. நறுக்கென்று அவன் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. பாட்டு பாதியில் இருந்தது; நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அழுதேன். அவ்வளவு பெருமை எனக்கு.

தம்பி இப்போது என்னைவிட உயரம். ஞாயிறுதோறும் வரிசையில் போகிறான். எங்கள் பங்குச் சாமியார் அவன் வந்ததும் அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் காத்திருப்பார். அவன் கனைத்துவிட்டு இரண்டு வரியையும் சொல்லி முடிப்பான். அதற்குப் பிறகுதான் கொடுப்பார்.