மாட்டு டாக்டருக்குப் படித்தவள்

ஊறிய தேங்காய்ப் பிண்ணாக்கின் வாசனை கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்புமாக இருக்கும். எழுபதுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைவீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில், கண் விழிப்பதற்கு முன்பே அந்த வாசனைதான் மூக்கில் ஏறும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். வீட்டின் பின்புறம், நாங்கள் மலையாளத்திலேயே 'தொழுத்து' என்று சொல்லிவந்த ஓலைக் கொட்டகையில், அம்மிணி என்ற செம்பசு நின்றது. கஞ்சித் தண்ணீரும் பிண்ணாக்கும் கலந்த 'காடி'யை நான் வைத்தால்தான் குடிக்கும். அம்மா வைத்தால் முகர்ந்துவிட்டு என்னைத் தேடித் திரும்பிப் பார்க்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மிணி கன்று ஈன முடியாமல் தவித்தது. அரசு மாட்டு ஆசுபத்திரி டாக்டர் வந்து, வெந்நீர் கேட்டு வாங்கிக் கை கழுவி, முழங்கைவரை எண்ணெய் தடவிக்கொண்டு, உள்ளே மடங்கிக் கிடந்த கன்றின் காலை நேராக்கி வெளியே எடுத்தார். நானும் மாட்டு டாக்டர் ஆவேன் என்று அன்று சொன்னதை நான் எவ்வளவு நம்பினேனோ தெரியாது, அப்பா முழுதாக நம்பினார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவ மாட்டு டாக்டருக்காக்கும் படிக்கப் போறா" என்பார்.

பள்ளி முடித்து, இன்றைய பிளஸ் டூ போலிருந்த பிரீடிகிரியில், உயிரியல் உள்ள 'செகண்ட் குரூப்' எடுத்துத் தேறினேன். அதற்கு மேல் என்ன படிப்பது என்று சொல்ல எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவர் யாருமில்லை. அப்பா கடையைச் சாத்திவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் போய், மிருகங்களைப் பற்றிப் படிக்க எதில் சேர வேண்டும் என்று கேட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் 'ஜுவாலஜி' என்றார். கேட்டதற்குச் சரியான பதில்தான். வழியெல்லாம் மறக்காமல் சொல்லிக்கொண்டே வந்த அப்பா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சுவாலஜின்னு எழுது மக்ளே" என்றார். எழுதினேன். மாட்டு டாக்டர் படிப்பு அதுதான் என்று நானும் நினைத்தேன்.

சேர்ந்த முதல் மாதத்தில் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது. வகுப்பு முடிந்ததும் அவர் என்னைத் தனியே அழைத்து, அது வேறு படிப்பு, அதற்கான கல்லூரி திருச்சூர் பக்கம் இருக்கிறது, இந்த வருடம் நேரம் கடந்துவிட்டது, அடுத்த வருடம் விண்ணப்பித்துப் பார் என்றார். வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கடை வாசலில் யாரிடமோ அப்பா என்னைக் காட்டி, "இவதான்" என்றார். அன்று சொல்லவில்லை. அடுத்த வருடமும் வந்து போயிற்று.

கடைசி வருடம், பலாப்பழக் காலம். கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்ட அம்மிணி, பக்கத்து வீட்டில் குவித்திருந்த பலாச்சக்கைக் கழிவு முழுவதையும் தின்றுவிட்டது. முற்பகலில் அதன் இடது விலாப்புறம் பானைபோல் உப்பி நின்றது. கடையிலிருந்து ஓடிவந்த அப்பாவிடம், ஆசுபத்திரிக்குப் போங்கள் என்று அம்மா பதறினாள்.

"எதுக்கு? வீட்டுலயே டாக்டர் இருக்கால்லா. மக்ளே, நீ பாரு" என்றார் அப்பா.

பசுவின் வயிற்றில் எத்தனை அறைகள் என்று எனக்குத் தெரியும். அதை வண்ணப் பென்சிலால் வரைந்து பாராட்டு வாங்கியிருந்தேன். உப்பிய வயிற்றுக்கு என்ன செய்வதென்று தெரியாது. மூன்றடி தள்ளிக் கைகட்டி நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். "கொஞ்சம் வெந்நீர் வேணும்பா" என்றேன். அந்த டாக்டர் கேட்டது அது ஒன்றுதான் எனக்கு நினைவிருந்தது.

அப்பா அடுப்படிக்கு ஓடினார். வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினேன், வயிற்றைத் தேய்த்தேன், நாக்கைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சு இரைக்க அம்மிணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள் மடங்கியபோதுதான், "ஆசுபத்திரி டாக்டரக் கூட்டிட்டு வாங்கப்பா" என்று கத்தினேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

ஸ்கூட்டரில் வந்த இளம் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, திறந்த பெட்டியை மூடினார். ஒரு மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் விலாவில் துளை போட்டுக் காற்றை வெளியேற்றியிருக்கலாம் என்று மலையாளத்தில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மூச்சு வாங்க அப்போதுதான் வந்து சேர்ந்த அப்பா, "எம் மவளாக்கும் சார் பாத்தது. மாட்டு டாக்டருக்குப் படிக்கா" என்றார்.

எங்கே என்று டாக்டர் கேட்டார். கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்தேன். அவர் துண்டில் வெகுநேரம் கை துடைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், "யார் நோக்கினாலும் ரட்சப்படாது, பிழைக்காது. மோள் செய்ததெல்லாம் சரி" என்றார்.

அப்பா என் தலையில் கை வைத்தார். "விசாரப்படாத மக்ளே. ஒங் கையிலதானே போச்சு, அதுக்கு அது போதும்."

அதன்பின் அந்த வீட்டில் பசு வாங்கவில்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியை ஆனேன். மாட்டு ஆசுபத்திரியில் இப்போது ஆள் எடுப்பதில்லை என்று நான் சொன்னதையும் அப்பா நம்பினார். நல்ல டாக்டரை வீணாக்குகிறார்களே என்று சாகும்வரை சர்க்காரைக் குறை சொன்னார். உண்மையைச் சொல்வதற்கு எனக்குப் பதினாறு வருடங்கள் இருந்தன.

போன மாதம் சாலைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பின்புறம் முழுக்க சிமென்ட் தளம், வரிசையாக ஸ்கூட்டர்கள். அந்த வீதியில் இப்போது ஒரு மாடுகூடக் கிடையாது. யாரைத் தேடுகிறீர்கள் என்று கடைக்காரர் மலையாளத்தில் கேட்டார். இங்கே எங்கள் அப்பா இருந்தார் என்றேன்.