மாசானத்தை எழுப்பியது யார்

தாராவியில் அந்தக் கல்லிச் சந்துக்குள் நுழைந்து மாசானம் வீடு எது என்று கேட்டால், "யாரு, அம்மன் எழுப்புத மாசானமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஐம்பத்து நாலு வயது. தோல் பை தைக்கிற காலாப் பட்டறையில் தோல் வெட்டுகிற வேலை. கழுத்து என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டிய உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. பதினோரு வருஷமாக அலாரம் இல்லாமல் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிறவர். மழையானாலும் காய்ச்சலானாலும், மகள் கல்யாணத்துக்கு மறுநாளே ஆனாலும், ஒரு நாள் தவறியதில்லை.

எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறவரும் இல்லை. அந்தக் கல்லியில் பதினான்கு வீட்டுக்கு ஒரே குழாய். தண்ணீர் நாலு மணிக்கு வரும், ஆறு மணிக்குள் நின்றுவிடும். வீட்டுக்கு எட்டு நிமிஷம் முறை. ஒரு வீடு தூங்கிப்போனால் அடுத்த வீட்டோடு அடிதடி. மாசானம் குழாயடியில் போய் உட்கார்ந்து, குழாய்க்குள் காற்று புஸ்ஸென்று சீறுகிற சத்தம் கேட்டதும் முதல் வீட்டுக் கதவைத் தட்டுவார். பிறகு எட்டு நிமிஷத்துக்கு ஒரு கதவு. அவர் தட்டத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கல்லியில் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்தது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

அம்மன் கதை அவர் வாயிலிருந்தேதான் கிளம்பியது. "எப்படி அண்ணாச்சி டாண்ணு மூணு மணிக்கு எந்திரிக்கீய?" என்று யாரோ கேட்டபோது, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், "அம்மன் எழுப்புதா, எந்திரிக்கேன்" என்று சொல்லிவைத்தார். பேச்சுக்குச் சொன்னதுதான். வாயில் நுரையோடு ஒரு மனிதன் சொன்னதைப் போய் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள், "ஆமா, மூணு மணிக்கு உறுமுத சத்தம் கேக்கும். அப்புறம் ஹக்குன்னு ஒரு சத்தம். சாமி வந்து இறங்குத சத்தம்லா அது" என்று சாட்சி வேறு சொன்னார்கள். ஒரு வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மேளம் கொட்டி அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பட்டுத் துணியைத் தலையில் சுற்றியபோது இது தனக்கு உரியதில்லை என்று மாசானத்துக்குத் தெரிந்தது. அவிழ்க்கத்தான் மனசு வரவில்லை. அதன்பின் பயந்த பிள்ளைகளுக்குத் திருநீறு மந்திரிக்கச் சொல்லி வந்தார்கள். அதையும் செய்தார்.

அவரை எழுப்பியது அம்மன் இல்லை. தூக்கத்தில் அவருக்கு அடிக்கடி மூச்சு நின்றுவிடும், மூன்று மணி வாக்கில்தான் ரொம்ப மோசம். யாரோ கிணற்றுக்குள் தலையைப் பிடித்து அமுக்கியது போல இருக்கும். கையைக் காலை உதறி, ஹக்கென்று காற்றை இழுத்துக்கொண்டு எழுந்து உட்காருவார். பனியன் நனைந்திருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். மறுபடி படுத்தால் இந்தத் தடவை மூச்சு திரும்பாது என்று பயம். அந்தப் பயத்தில்தான் குழாயடிக்குப் போய் உட்கார்ந்தார். பக்தியுமில்லை, ஊருக்கு உழைப்புமில்லை.

பகலெல்லாம் தூக்கம் அப்பும். தோல் வெட்டுகிற மேஜையில் நின்றபடியே கண் சொருகும். ஒரு முழுத் தோலைக் குறுக்கே வெட்டிப் பாழாக்கியும் காலா முதலாளி பைசான் சேட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மூணு மணிக்கு எழுந்து ஊரையே எழுப்புற மனுஷன், களைப்பு இருக்காதா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயையும் மாசானம் வாங்கிக் குடித்தார்.

கடைசியில் அவர் மனைவி செண்பகவல்லிதான் பொறுக்க முடியாமல் ஆடி மாதத்தில் அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். ஒரு பெண் டாக்டர். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு நாள் அங்கேயே தூங்கவைத்துப் பார்த்துவிட்டு, மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்றார். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதையை மூடிவிடுகிறதாம். நோய்தான், வைத்தியம் உண்டு. "வண்டி ஓட்டுவீங்களா?" என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றார் மாசானம். "நல்லதாப் போச்சு. இந்த நோயோட வண்டி ஓட்டுறது கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுற மாதிரி" என்றார் டாக்டர். ஒரு டிரஸ்ட்டில் சொல்லி மிஷினும் வாங்கிக் கொடுத்தார். முகத்தில் மாட்டிக்கொண்டால் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மிஷின் வந்த முதல் நாள் மாசானம் ஆறரை மணி வரை தூங்கினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தலை பாரமில்லாமல் கண் விழித்தார். வெளியே கல்லியே ரெண்டுபட்டுக் கிடந்தது. ஐந்து வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. "என்ன அண்ணாச்சி, அம்மன் எழுப்பலையா?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் ஒரு கூட்டம்.

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மாசானம் வாயைத் திறந்தார். "நேத்து காலாவுல பிரியாணி குடுத்தாங்க. சாப்பிட்டுட்டேன். அம்மனுக்குக் கோவம்" என்றார். கூட்டம் தலையாட்டிக்கொண்டு கலைந்தது.

அன்றிலிருந்து போன் அதிர்கிற மாதிரி மூன்று மணிக்கு அலாரம் வைத்துத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டார். நன்றாகத் தூங்குகிற மனிதன், தூங்காதவனாக வேஷம் போட எழுந்து போனார். பகலில் மிஷின் பழைய மிக்ஸி டப்பாவுக்குள் பரணில் கிடந்தது.

"நோய் வந்ததுக்கு வெக்கப்படாதீய. ஊரை ஏமாத்துததுக்கு வெக்கப்படுங்க" என்றாள் செண்பகவல்லி.

"இத்தனை வருஷத்துக்கப்புறம் எப்படிச் சொல்லுதது?" என்றார் மாசானம். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதையே தனக்குக் கிடைத்த அனுமதியாக வைத்துக்கொண்டார்.

ஆவணியில் ஒரு விடிகாலை, நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஆவுடையம்மாள் முறைக்கு முன்னாலேயே குழாயடிக்கு வந்தாள். அவள் புருஷன் வானமாமலை டெம்போ ஓட்டுகிறவர். தைத்த துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தினம் காட்கோபர், அம்பர்நாத் என்று போய்வருவார்.

"அண்ணாச்சி, இவிய படுத்தா கொறட்டை விட்டுக்கிட்டே இருக்காவ. திடீர்னு சத்தமே இல்ல. நான் எண்ணுவேன், இருபது வரைக்கும் எண்ணுவேன். அப்புறம் ஹக்குன்னு எந்திரிச்சு உக்காருதாவ. காத்து கருப்பு எதும் அண்டியிருக்குமோ? உங்கட்ட அம்மன் பேசுதால்லா. கொஞ்சம் திருநீறு மந்திரிச்சுக் குடுங்க."

அவள் எண்ணிக்கொண்டிருந்த இருபது என்ன என்று அந்தக் கல்லியிலேயே மாசானம் ஒருவருக்குத்தான் தெரியும். டெம்போ ஓட்டுகிறவர் என்பதும் தெரியும். டாக்டர் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் குடத்தோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மாசானம் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து, கண்ணை மூடி முணுமுணுத்து, ஒரு சிட்டிகை திருநீறு கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். "குறையலை அண்ணாச்சி. சிக்னல்ல வண்டிய நிறுத்தினா அப்படியே தூங்கிருதாவளாம். பின்னால ஹாரன் அடிச்சாத்தான் முழிக்காவ."

"ஒரு டாக்டரைப் பாத்தாத்தான் என்ன" என்றார் மாசானம், பாதி முனகலாக.

"டாக்டருக்கு காத்து கருப்பெல்லாம் தெரியுமாக்கும்? உங்க கையால குடுங்க அண்ணாச்சி, அது போதும்."

கொடுத்தார். டாக்டர் என்று சொல்லிவிட்டோமே, அவள்தானே கேட்கவில்லை என்று அன்று பகல் முழுக்கத் தனக்குத் தானே வக்கீலாக வாதாடிப் பார்த்தார். வழக்கு நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நேரே வானமாமலை வீட்டுக்கே போய்விட்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். வானமாமலை பதறி எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க சாமி, எங்க வீட்டுக்கு நீங்களே வந்துட்டீயளே" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சாமி என்று கூப்பிட்டவரிடம் நான் சாமி இல்லை என்று சொல்ல மாசானத்துக்கு வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். வரும் வழியில் அவரை அவருக்கே பிடிக்கவில்லை.

புரட்டாசியில், நல்ல வெயில் நேரத்தில், காட்கோபர் தாண்டி வானமாமலையின் டெம்போ நடுத்திட்டில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் எட்டிக் குதித்துத் தப்பித்தார். வானமாமலைக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று மாசானத்துக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் ஆவுடையம்மாள் தட்டில் தேங்காய் பழத்தோடு அவர் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அந்த அடிக்கு ஆளே போயிருக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லுதாவ. நெத்தியில நீங்க குடுத்த திருநீறு இருந்துச்சு அண்ணாச்சி. அதுதான் என் தாலியக் காப்பாத்திச்சு" என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் காலில் விழுந்துவிட்டாள்.

மாசானம் காலை இழுத்துக்கொண்டார். அடுப்படியில் நின்ற செண்பகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. ஸ்டூல் மேல் ஏறி டப்பாவை இறக்கி, மிஷினை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கும் அதே நோய்தான் ஆவுடை. அம்மன் எழுப்பலை. மூச்சு முட்டித்தான் எந்திரிச்சேன். இதை மாட்டுனா மூச்சு முட்டாது." குழாயடி, அலாரம், பிரியாணி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் முன்னைவிடக் கேவலமாகக் கேட்டது.

ஆவுடையம்மாள் மிஷினைத் தொடவில்லை. "நான் முதமுதல்ல குழாயடிக்கு வந்தேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள்.

இனி கல்லியே காறித் துப்பும் என்று காத்திருந்தார். யாரும் துப்பவில்லை. மறுநாள் விடியலில் பயந்துகொண்டே அவள் கதவைத் தட்டினார். திறந்து, அவரைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வாய் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் மாசானம் நிம்மதியாக இருந்திருப்பார்.

வானமாமலை மாவுக்கட்டோடு வீடு திரும்பி ஒரு வாரம் ஆனபின், ஆவுடையம்மாள் வாசலில் நின்று, "அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். அண்ணாச்சி என்ற சொல் அதில் இல்லை.

டாக்ஸியில் போனார்கள். வானமாமலைக்கு ஒன்றும் தெரியாது. "சாமி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் உட்காரும்போது பிடிமானத்துக்கு மாசானத்தின் கையைப் பிடித்தவர், டாக்டர் அறைக்குள் போன பிறகும் விடவில்லை.

டாக்டர் வானமாமலையின் தொண்டையைப் பார்த்தார், கழுத்தை அளந்தார், ஆவுடையம்மாளிடம் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். முகம் கடுத்தது. "சிக்னல்ல தூங்குற ஆளை இத்தனை மாசம் வண்டி ஓட்ட விட்டிருக்கீங்க. ரோட்டுல நாலு பேர் செத்திருந்தா? இது நோய்னு உங்க பக்கத்துல ஒருத்தருக்குக்கூடவா தெரியலை?" என்று இந்தியில் கேட்டார்.

ஆவுடையம்மாள் மாசானம் நின்ற பக்கம் திரும்பாமல், "எங்க கல்லியில யாருக்கும் தெரியாது மேடம்" என்றாள்.

மாசானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, உடைந்து கிடக்கிற புருஷனுக்கு இன்னொரு அடி வேண்டாம் என்று சொன்னாளா, அவருக்கு விளங்கவில்லை. எதுவானாலும், தப்பித்துக்கொள்ள வழி திறந்திருந்தது. பதினோரு வருஷமாக அவர் அப்படித்தான் பிழைத்தார். யாராவது ஒன்றைச் சொல்வார்கள், இவர் மறுக்க மாட்டார். இப்போதும் சும்மா நின்றால் போதும். ஆனால் சொன்னவள் அவரால் தாலியைப் பறிகொடுக்க இருந்தவள்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மாசானம் குனிந்து வானமாமலையைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "எனக்கும் இதே நோய்தான் வானமாமலை. இவங்கதான் எனக்கும் வைத்தியம் பாக்காங்க. ஆவுடை வந்து கேட்டப்பவே உனக்கு என்னன்னு தெரியும். நீ வண்டி ஓட்டுதவன்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் திருநீறு குடுத்தேன். என் பேரு கெட்டுப்போயிரும்னு சொல்லலை."

வானமாமலை சிரிக்கப் பார்த்தார். சாமி ஏதோ விளையாடுகிறார் என்பது போல மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வானமாமலை குனிந்து தன் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, வாசலிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த மாசானத்தின் கையை விட்டுவிட்டு, தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.