எண்ணெய்த் துளையில் விழுந்த விபூதி

1991 புரட்டாசிக் கடைசியில் என் நோட்டுப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "எஞ்சினின் ஹெட்டைக் கழற்றியாயிற்று. சிலிண்டர்களில் துரு இல்லை. அடியில் சுழலும் கிராங்க் தண்டைத் தொடுவதில்லை என்று முடிவு." அந்த முடிவை எடுத்தவர் என் அண்ணன். மாற்றியவன் நான்.

அண்ணன் அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் பதினெட்டு வருடம் மணல் அச்சு உடைத்தவர். அந்தத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், சேரப்பணஞ்சேரி வீட்டிலிருந்து பின்னாலுள்ள கொட்டகைக்கு வருவதற்குள் இரண்டு முறை உட்காருவார். கொட்டகையில் அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இருக்கை. ஓடாது என்று பட்டறை முதலாளி கொடுத்துவிட்டதை, உடம்பு நன்றாக இருந்த காலத்தில் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார். தீபாவளிக்குள் ஒரு தடவை படப்பை வரை தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு அடுத்த தீபாவளி இல்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் அது தெரியும்.

படப்பை மெக்கானிக் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். லேசாகச் சுற்றியது.

"கீழ கை வெக்காதீங்க சார். வால்வை அரைச்சு ஹெட்டை மூடுனா பத்து நாள்ல ஓடும்."

இரண்டு நாளில் ஆயுத பூஜை. அண்ணன் மூச்சு வாங்க வந்து ஸ்பானர்கள், ஜாக்கி, கழற்றிய ஹெட் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். விபூதியை அள்ளி எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் பட்டை இழுக்கக் குனிந்தபோது இருமல் வந்தது. கை உதறி, சாம்பல் பிளாக்கின் மேல் கொட்டியது. மூலையில் எண்ணெய் ஏறும் துளை திறந்தே இருந்தது. அதில் நான் துணி அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் சாம்பல் அன்று முழுக்க அங்கேயே கிடந்தது.

மறுநாள் மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "மண்ணெண்ணெய் அடிச்சு காத்து வெச்சு ஊதுனா பூடும்."

"கிராங்க் வரைக்கும் எறங்கியிருந்தா?" என்றேன்.

"அண்ணாத்தே, உன் தம்பி புக்கு பட்ச்சே எஞ்சினுக்கு ஜுரம் வர வெச்சிருவாரு."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. "என் நெஞ்சுல கீற தூசியோட நானே ஓடிக்கினு கீறேன். இது சாமி சாம்பல்டா. மூடு."

"வழியில ஜாம் ஆயிட்டா ரோட்டுல நிப்பண்ணா."

"நிக்கட்டுமே. அதுவரைக்கும் ஓடும் இல்ல?"

நான் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த கையேடுதான். எண்ணெய்ப் பாதையில் துகள் விழுந்தால் முழுக்கப் பிரிக்கவும் என்று அதில் அச்சிட்டிருந்தது. பிரித்தே பார்த்துவிடலாம் என்றேன். அண்ணனால் ஸ்பானரைத் தூக்க முடியாது. "உன் இஷ்டம்" என்று எழுந்து போனார்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் எழுதிய சீட்டுக் கட்டினேன். கிராங்கையும் அதைத் தாங்கும் பேரிங்குகளையும் இறக்கி, கிராங்கின் துளைகளில் கம்பியில் சுற்றிய வெள்ளைத் துணியை விட்டு எடுத்தேன். கறுப்பு எண்ணெய் வந்தது. சாம்பல் ஒரு துளியும் இல்லை.

"இப்ப சந்தோஷமா சார்?" என்றார் மெக்கானிக். "பழைய பேரிங்கையே போட்டு மூடுங்க."

கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடக்கூடாது என்றது கையேடு. அங்குல அளவுப் பேரிங் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கவில்லை. பம்பாய்க்கு எழுதினேன். தீபாவளி மழையோடு வந்து போனது. படுக்கையிலிருந்த அண்ணன் ஒரே ஒருமுறை கேட்டார்.

"இன்னாடா, மூடிட்டியா?"

"பேரிங் வரலண்ணா."

"ம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்கவே இல்லை. கார்த்திகையில் இறந்தார்.

காரியம் முடிந்து ஆறாம் நாள் பார்சல் வந்தது. வந்த தேதியைக் குறிக்க நோட்டைப் புரட்டியபோது, கிராங்கை இறக்கிய அன்றைய பக்கம் கண்ணில் பட்டது. தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது அப்போது. பழைய பேரிங்குகள் ஐந்தையும் அளந்து, என் கையெழுத்தில், ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதியிருந்தேன்: "தேய்மானம் அளவுக்குள். நல்ல நிலை."